கதவைத் தட்டுவதற்கு முன்

நிறுவல் கலைக் காட்சிகளை நடத்தும் க்யூரேட்டர்களுக்கும் அருங்காட்சியக நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். போன மாதம் ஒரு கண்ணாடி அறைக்காக ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றேன். உள்ளே கிடைத்தது அரை நிமிடம். கதவு சாத்தியதும் முதலில் தெரிந்தது என் முகம்தான். அப்புறம் விளக்குப் புள்ளிகள். அவை எங்கே முடிகின்றன என்று கண் தேடத் தொடங்கியபோது, ஊழியர் வெளியிலிருந்து தட்டிவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் கையில் ஸ்டாப்வாட்சைக் கொடுத்தது நிர்வாகம்.

ஓவியம் நாம் வராவிட்டாலும் சுவரில் இருக்கும். ஓர் இடத்தையே படைப்பாக அமைக்கும் நிறுவல் கலை அப்படியல்ல, உள்ளே வருகிறவரின் உடம்பில்தான் நடக்கிறது. உடம்பு அவசரப்படாது. வெளிச்சத்திலிருந்து வந்த கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20, 30 நிமிடம் பிடிக்கும்.

ஒளியையே பொருளாக வைத்து வேலை செய்பவர் ஜேம்ஸ் டரெல். 1980இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் அவருடைய ஒளியைச் சுவர் என்று நம்பிச் சாய்ந்தவர்கள் விழுந்து, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. யாரும் விழ வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் கண் சொன்னதை உடம்பு எவ்வளவு நம்பியிருக்கிறது, பாருங்கள்.

2003இல் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தின் டர்பைன் ஹாலில் ஓலஃபர் எலியாசன் என்ற கலைஞர் ஒரு சூரியனை வைத்தார். உண்மையில் அது அரை வட்டம்தான். மீதிப் பாதியைக் கூரைக் கண்ணாடி காட்டியது. மஞ்சள் ஒளியை மட்டுமே தரும் ஒற்றை அலைநீள விளக்கு என்பதால் மற்ற நிறங்கள் மறைந்து, மஞ்சளும் கறுப்பும் மட்டுமே மிஞ்சின. வந்தவர்கள் தரையில் மல்லாந்து படுத்து, மேலே எறும்பளவில் தெரிந்த தங்களைத் தேடிக் கையை ஆட்டினார்கள். படுக்கச் சொல்லி எந்த அறிவிப்புப் பலகையும் தேவைப்படவில்லை. அரை நிமிடத்தில் விரட்டியிருந்தால் ஒருவராவது படுத்திருப்பாரா?

கூட்டத்தைச் சமாளிக்கும் சிரமம் புரிகிறது. சரி, டிக்கெட்டைக் குறைத்து விற்றுப் பாருங்கள். ஆளுக்குப் பத்து நிமிடமாவது கொடுங்கள். வாசலில் 'வியப்பில் மூழ்குவீர்கள்' என்று எழுதி வைப்பதையும் நிறுத்திவிடலாம். நான் எதை உணர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், உள்ளே போய் அதைச் சரிபார்க்கத்தான் தோன்றுகிறது. விளக்கக் குறிப்பு வெளியேறும் பக்கம் இருக்கட்டும்.

அந்த விளக்குகள் எங்கே முடிகின்றன என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அடுத்த காட்சிக்கும் வரிசையில் நிற்பேன்.

இப்படிக்கு,
அரை நிமிடப் பார்வையாளர்