டவாலி போடாத டபேதாருக்கு

பாப்பாரப்பட்டி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் செல்விக்கு அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம், உன் நலம் அறிய ஆவல். அம்மாவுக்கு முட்டிவலி குறையவும் இல்லை, கூடவும் இல்லை. புளி உலுக்க ஆள் கிடைக்காமல் இரண்டு மரம் அப்படியே நிற்கிறது. டெல்லிக் குளிரில் ராத்திரி காதைக் கட்டிக்கொண்டு படு.

வியாழக்கிழமை போனில் நீ சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "அப்பா, எக்ஸாம் எழுதி டெல்லி வரைக்கும் வந்து கடைசில உன் வேலையத்தான் பாக்கறேன். வர்றவங்கள உக்கார வெக்கறது, நாளைக்கு வாங்கன்னு சொல்றது. நானும் டவாலி போடாத டபேதார்தான்" என்று சிரித்தாய். கலெக்டர் அறை வாசலில் டவாலிப் பட்டை போட்டு நின்ற டபேதார் நான், நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு தூக்கம் வரவில்லை. மந்திரிக்குக் காலையில் போட்டுக் கொடுக்கிற அட்டவணை பதினொரு மணிக்குள் கிழிந்துபோகிறது, அந்தக் காலத்துத் தலைவர்களுக்கும் இப்படித்தானா என்று கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ "ம்… ம்…" என்றபடி இன்னொரு வேலை பார்ப்பாய். காகிதமென்றால் ஒரு தடவையாவது முழுசாகப் படிப்பாய்.

ரிட்டயர் ஆனதிலிருந்து லைப்ரரியில்தான் என் பகல் போகிறது, உனக்குத் தெரியும். அங்கே தலைவர்கள் வரலாறு ஓர் அலமாரி நிறைய இருக்கிறது. எழுதியவர்கள் எல்லாரும் படித்தவர்கள், உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர்கள். நான் முப்பத்தோரு வருஷம் கதவுக்கு வெளியே நின்றவன். பக்கத்தைப் புரட்டும்போது என் கண் வேறு இடத்துக்குப் போகும். அவர் எத்தனை மணிக்கு எழுந்தார், என்ன பேசினார் என்பதெல்லாம் சரி. வெளியே யார் உட்கார்ந்திருந்தார்கள், எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தார்கள் என்று தேடுவேன். அது மட்டும் அநேகமாக எழுதியிருக்காது.

காந்தியின் நாள் கணக்கு நமக்குக் கையில் கிடைக்கிறது. சபர்மதி ஆசிரமத்தில் நேரப்பட்டியல் எழுதியே வைத்திருந்தார்கள். காலை 4 மணிக்கு எழுந்திருக்க வேண்டும். 4.15க்குப் பிரார்த்தனை. அப்புறம் குளியல், படிப்பு, உடலுழைப்பு, சாப்பாடு, மறுபடி உழைப்பு. சாயங்காலம் 7 மணிக்குப் பிரார்த்தனை, 9 மணிக்குத் தூங்குவதற்கான மணி. இதற்கு நடுவில்தான் நாட்டு விடுதலை வேலையும் நடந்திருக்கிறது! அவர் எழுதியது பேசியது எல்லாம் சேர்த்து ஆங்கிலத்தில் 100 தொகுதிகள். அதில் கடிதங்களே ஏராளம். யாரோ ஓர் ஊர்க்காரர் தன் உடம்புக்கு என்ன சாப்பிடலாம் என்று கேட்டு எழுதினால் அதற்கும் பதில். வலது கை வலித்தால் இடது கையால் எழுதுவாராம்.

திங்கட்கிழமை அவருக்கு மௌன நாள். இதைப் படித்ததும் லைப்ரரியென்றும் பார்க்காமல் சிரித்துவிட்டேன். நம் தமிழ்நாட்டில் திங்கட்கிழமைதானே கலெக்டர் ஆபீசுகளில் குறைதீர்க்கும் நாள்? அவர் வாய் திறக்காத கிழமையில் இங்கே மாவட்டமே வாய் திறக்கிறது. 1947 ஜூன் 2ஆம் தேதி, நாட்டைப் பிரிக்கிற திட்டத்தைப் பற்றிப் பேச மவுண்ட்பேட்டன் அவரைச் சந்திக்கிறார். அன்றைக்குத் திங்கட்கிழமை. வைஸ்ராய் பேசிக்கொண்டே இருக்க, இவர் பழைய கவர்களின் பின்பக்கத்தில் பென்சிலால் பதில் எழுதிக் கொடுத்தாராம். வைஸ்ராய்க்காகக்கூட கிழமையை மாற்றவில்லை. உன் அட்டவணை பதினொரு மணிக்குக் கிழிகிறது என்றாயே, அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

நேரு வேறு மாதிரி. காலையில் தலைகீழாக நிற்கிற ஆசனம், அப்புறம் வேலை, ராத்திரி பன்னிரண்டு தாண்டியும் கடிதங்களைச் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதிக்கொண்டே இருப்பார். மாநில முதலமைச்சர்களுக்கு 1947 அக்டோபரில் தொடங்கிப் பதினைந்து நாளுக்கு ஒரு கடிதம் என்று பல வருஷம் எழுதியிருக்கிறார். எனக்கு அதைவிடப் பிடித்தது தீன்மூர்த்தி வீட்டுத் தோட்டம். தினம் காலையில் ஆபீஸ் கிளம்பும் முன் அங்கே ஜனங்கள் கூடுவார்கள். எங்கிருந்தோ மூட்டை முடிச்சோடு வந்தவர்கள். பிரதமர் வெளியே வந்து கையில் இருக்கிற மனுவை வாங்கிக்கொண்டு, நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் வண்டி ஏறுவார். அந்தத் தோட்டத்தின் கேட்டில் நின்ற ஆள் யாரோ, எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினானோ, அது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நம் பக்கத்து மனிதர் ஒருவரும் உன் டெல்லியில் இருந்திருக்கிறார். ஓசூருக்குப் பக்கம் தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி. 1948 ஜூனில் கவர்னர் ஜெனரலாக, இப்போது ராஷ்டிரபதி பவன் என்கிற அந்த 340 அறை மாளிகைக்குப் போனார். வைஸ்ராய்கள் தூங்கிய பெரிய அறைகளைப் பார்த்துவிட்டு, இது நமக்கு ஆகாது என்று சின்ன அறைகளுக்கு மாறிக்கொண்டார். அந்தப் பெரிய அறைகள் விருந்தினருக்கு என்று ஆகி, பின்னால் வந்த ஜனாதிபதிகளும் சின்னப் பக்கத்திலேயே இருந்துவிட்டார்கள். உணவுப் பஞ்சம் என்று மாளிகை நிலத்தில் ஒரு பகுதியை உழுது கோதுமை போட்டிருக்கிறார். நம் பக்கத்து ஆள் என்றால் கம்பளமெல்லாம் அப்புறம், முதலில் மண்ணைத்தான் பார்ப்பான். இதை நான் பெருமையாகச் சொன்னால் உன் அம்மா, "ராகி போட்டாரா?" என்று கேட்கிறாள்.

கதவே இல்லாத தலைவர் என்றால் நம் ஊர் மண்ணில் அடங்கியவர்தான். சுப்பிரமணிய சிவாவுக்கு ஜெயிலில் தொழுநோய் வந்தது. அந்த நோய்க்காரர் ரயிலில் ஏறக்கூடாது என்று வெள்ளைக்காரன் தடுத்துவிட்டான். அதற்கப்புறம் அவருடைய நாள் முழுக்க நடைதான். புண்ணான காலோடு நடந்தும் கட்டைவண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். நம் ஊரில் பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட வேண்டும் என்று கனவு கண்டு, 1925 ஜூலை 23 அன்று இங்கேயே கண் மூடினார். அவர் யாரையும் காக்க வைத்திருக்க முடியாது. வாசல் இருந்தால்தானே காக்க வைக்க!

இப்போது காந்தியின் கடைசி நாளைச் சொல்கிறேன். 1948 ஜனவரி 30, வெள்ளிக்கிழமை. விடிகாலை 3.30க்கு எழுந்தார். பிரார்த்தனை. காங்கிரஸுக்குப் புதிதாக எழுதிய சட்டவரைவைத் திருத்தினார். உடம்பைப் பிடித்துவிட்ட பிறகு குளியல். எடை போட்டுப் பார்த்தால் 109½ பவுண்டு, கிலோவில் 50க்கும் கொஞ்சம் குறைவு. அப்புறம் வங்காளி எழுத்துப் பயிற்சி. 78 வயதில், அன்றைக்கும், சிலேட்டுப் பிள்ளை மாதிரி! அதற்கப்புறம் ஆள் மாற்றி ஆள். 4 மணிக்கு வல்லபாய் படேல் வந்தார். பேச்சு நீண்டுவிட்டது. பிரார்த்தனைக்கு 5 மணிக்கு ஜனங்கள் வந்து புல்வெளியில் உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்திலிருந்த பேத்தி முறைப் பெண் ஆபா பொறுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் கடிகாரத்தை எடுத்து அவர் முன் காட்டினாள். கிளம்பும்போது பத்து நிமிஷம் தாமதம்.

எழுந்து ஆபா தோளிலும், மனு என்கிற இன்னொரு பேத்தி முறைப் பெண் தோளிலும் கை போட்டு வேகமாக நடந்தார். சுற்றுப் பாதையை விட்டுப் புல்வெளிக்குக் குறுக்கே நடந்தார், நேரத்தை மிச்சம் பிடிக்க. முன்பே ஏன் சொல்லவில்லை என்று அந்தப் பிள்ளைகளைக் கடிந்துகொண்டே நடந்தார். தனக்காக ஜனம் காத்திருக்கிறது என்பது அவருக்குத் தாங்கவில்லை. 5.17க்குச் சுட்டுவிட்டான். பிர்லா வீட்டில் அவர் கடைசியாக நடந்த அடிகளைக் கல்லில் பதித்து வைத்திருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வா. கடிகாரம் காட்டிய பிள்ளையை மட்டும் நினைத்துக்கொள். கதவில் நிற்கிற நம் வேலையும் அதுதானே. உள்ளே படேலே இருந்தாலும், நேரமாகிவிட்டது என்று காட்டத் தெரிய வேண்டும்.

எனக்கு அது தெரியவில்லை கண்ணு. இதை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

நீ ஆறாவது படித்த வருஷம். ஒரு திங்கட்கிழமை, கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, மதியம் ஒன்றரை மணி இருக்கும். உள்ளே கலெக்டர் ஐயா மணி அடித்தார். அவர் மணியை வைத்தே எனக்கு எல்லாம் புரியும். நிதானமாக அடித்தால் தபால், விட்டு விட்டு அடித்தால் கோபம், தொட்டும் தொடாமலும் அடித்தால் களைப்பு. அன்றைக்குக் களைப்பு மணி. "அரை மணி நேரம் யாரையும் விடாதப்பா, ரெண்டு வாய் சாப்பிட்டுக்கறேன்" என்றார். அரை மணி நேரம்தான் கேட்டார். காலையிலிருந்து பச்சைத் தண்ணி குடிக்காமல் மனு வாங்கிய மனிதர்.

கதவைச் சாத்திவிட்டு வந்தால் ஒரு பாட்டி நிற்கிறாள். சித்தேரி மலையிலிருந்து வந்தவள். கையில் மஞ்சப்பை. அதற்குள் துணியில் சுற்றிய களி உருண்டை, அதற்கு அடியில் மனு. மரத்தடியில் காசு கொடுத்து எழுதி வாங்கி, பெருவிரல் ரேகை வைத்திருக்கிறாள். ரேகை மை வியர்வையில் ஊறி எழுத்து மேல் படர்ந்திருந்தது. பேசும்போது பார்த்தேன், பல்லெல்லாம் பழுப்பு. நம் பக்கத்துத் தண்ணீரில் இருந்த புளோரைடு செய்த வேலை. ஒகேனக்கல் தண்ணீர் 2013இல்தானே வந்தது, இது அதற்கு முந்தி. "சாமி, ஐயாவப் பாக்கணும்" என்றாள்.

அரை மணி உட்காரு பாட்டி என்று சொல்லியிருக்கலாம். பெஞ்சு காலியாகத்தான் கிடந்தது. ஆனால் எனக்கும் பசி. அவள் உட்கார்ந்தால் நானும் அங்கேயே நிற்க வேண்டும். "ஐயா முகாம் போயிட்டாரு. அடுத்த திங்கக்கிழமை வா" என்றேன். உள்ளே தட்டு சத்தம் கேட்கிறது, அவளுக்கும் கேட்டிருக்கும். மனுவை மடித்து மறுபடியும் களிக்கு அடியில் வைத்துக்கொண்டு போனாள். உள்ளேயிருந்தவர் கேட்டது அரை மணி, நான் அதை வெளியே ஒரு வாரமாக ஆக்கிக் கொடுத்தேன். அவருக்கு இது கடைசிவரை தெரியாது. காமராஜர் "ஆகட்டும் பார்க்கலாம்" என்றால் காரியம் நடக்கும் என்பார்கள். நான் சொன்னால் எது நடக்கும்?

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பினேன். டவாலியைக் கழற்றிப் பையில் வைத்து, சட்டை மாற்றியிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் தூண் ஓரமாக அதே பாட்டி. நேராக என்னிடமே வந்து, "சாமி, அரூர் பஸ்ஸு எது?" என்று கேட்டாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. டவாலியைத்தான் அவள் பார்த்திருக்கிறாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. அரூர் போய்ச் சேர்வதற்குள் மலைக்குக் கடைசி பஸ் போயிருக்கும். அதைச் சொன்னேன். "அரூர்லயே படுத்துக்கறேன்" என்றாள், பழகினவள் மாதிரி. டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன். "நீ நல்லா இருக்கோணும் சாமி" என்று என் தாடையைத் தொட்டாள். பஸ் ஏற்றிவிட்டேன். நான்தான் உன்னைத் திருப்பி அனுப்பினவன் என்று சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை வரிசையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அதற்கடுத்த வாரமும் பார்த்தேன். ரிட்டயர் ஆகிற வரைக்கும் சித்தேரிப் பக்கத்து ஆள் யார் வந்தாலும் முதலில் உட்கார வைத்துத் தண்ணி கொடுத்துவிட்டுத்தான் பேசுவேன். அவள் வரவே இல்லை. மனுவில் என்ன எழுதியிருந்தது என்றும் நான் படிக்கவில்லை.

உன் அறையில் வருகிறவர்களுக்கு பெஞ்சு போட்டிருக்கிறார்களா, நாற்காலியா? அடுத்த போனில் சொல்லு.

நம் தெருப் பையன் ஒருவன் புதன்கிழமை டெல்லிக்கு ரயில் ஏறுகிறான். அவனிடம் மூன்று கிலோ ராகி மாவு, கொட்டை எடுத்த புளி, அம்மா அரைத்த பருப்புப் பொடி கொடுத்தனுப்புகிறேன். மாவைப் பையிலேயே வைக்காதே, டப்பாவில் கொட்டி மூடு. புளி புதுசு, கொஞ்சம் உப்பு போட்டுப் பிசறி வை.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா