மாமா, ஒரே ஒரு கேமராவை வெளியே எடுங்கள்

அன்புள்ள மாமாவுக்கு,

இதை நேரில் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் உங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்ததும் பேச்சு எப்படியும் லென்ஸ் பக்கம் போய்விடும். புதிதாக வந்தது எது, சீரியல் நம்பரை வைத்துப் பார்த்தால் அது எந்த வருடத்துக் கேமரா, எவ்வளவுக்குப் பேரம் படிந்தது என்று நீங்கள் சொல்லச் சொல்ல நானும் கேட்டுக்கொண்டே இருந்துவிடுவேன். கேட்கவும் பிடிக்கும். அதனால்தான் கடிதம். உங்களைப் போன்ற கேமரா பிரியர்கள் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணிலும் படட்டும் என்று எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன்.

நீங்கள் மறுபடியும் படம் எடுக்க வேண்டும் மாமா. சொல்ல வந்தது அவ்வளவுதான்.

கேமரா சேர்ப்பதை நான் குறை சொல்லவில்லை. லோரோங் கூலிட் சந்தையில் தரையில் விரித்த பிளாஸ்டிக் ஷீட்டில், பழைய பூட்டுக்கும் கேசட்டுக்கும் நடுவே கிடக்கிற ஒரு கேமராவைக் கையில் எடுத்த உடனே உள்ளே என்ன கோளாறு என்று உங்களால் சொல்லிவிட முடிகிறது. போன தடவை நான் வந்தபோது ஒரு கேனன் ஏஇ-1 உங்கள் மேசையில் திறந்து கிடந்தது. பின்கதவின் ஓரத்தில் வெளிச்சம் புகாமல் இருக்க ஒட்டிய நுரைப்பட்டை கறுத்து உருகி விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. பல்குத்தும் குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் தொட்டு, அந்தப் பள்ளத்தை ஓரம் ஓரமாகச் சுரண்டி எடுத்தீர்கள். ஷட்டர் துணியின் மேல் ஒரு துளி விழவில்லை. பட்டனை அழுத்தினால் கண்ணாடி எழும்போது வீல் என்று ஒரு சத்தம். 1976-இல் வந்த அந்த மாடலுக்கே உள்ள வியாதி அது, உள்ளே போட்ட எண்ணெய் காய்ந்து போனால் இப்படித்தான் கத்தும் என்றீர்கள். இந்தக் கைவேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். நீங்கள் தூக்கி வராவிட்டால் அந்தக் கேமரா பழைய சாமானோடு சாமானாகவே போயிருக்கும்.

சரி, பழுது பார்த்து முடிந்ததும் அது எங்கே போனது? ஈரம் அண்டாத டிரை கேபினெட் அலமாரிக்கு. நுரைப்பட்டை சரியாக ஒட்டியிருக்கிறதா, வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்கக்கூட அதில் ஒரு ரோல் ஓடவில்லை.

நம் ஊருக்கு டிரை கேபினெட் அவசியம்தான். கடலைச் சுற்றி வைத்துக்கொண்டு, வருடம் முழுக்க வியர்க்கிற ஊர் இது. தோல் உறையில் போட்டு அலமாரியில் வைத்த லென்ஸுக்குள் பூஞ்சை சிலந்தி வலை மாதிரி படர்ந்து, கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும் என்று காட்டிக் கொடுத்தவரே நீங்கள். ஆனால் ஈரத்தை 45 சதவீதத்தில் நிறுத்தி வைத்தாலும் ஓடாத இயந்திரம் ஓடாத இயந்திரம்தான். ஷட்டர் மந்தமாகிவிடும், மெதுவான வேகங்கள் இழுத்துக்கொள்ளும். அதற்காகவே நீங்கள் அவ்வப்போது ஒவ்வொன்றாக எடுத்து, ஃபிலிம் இல்லாமல் சொடுக்கி, காதில் வைத்துச் சத்தம் கேட்கிறீர்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு என்னவோ செய்கிறது. அத்தனை சொடுக்கிலும் ஒரு முகம் இல்லை.

அம்மாவிடம் இருக்கும் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்கிறேன். டோபி காட் சலவைத்துறையில் தாத்தா துணி அடிக்கும் படம். ஹோட்டல் படுக்கை விரிப்பு ஒன்று கயிறாக முறுகி அவர் தலைக்கு மேலே நிற்கிறது. அதிலிருந்து தெறித்த தண்ணீர் முத்து முத்தாக அந்தரத்தில். பின்னால் கொடியில் காயும் வெள்ளைத் துணிகள் மங்கலாகத் தெரிகின்றன. தாத்தாவின் முகம் பாதி நிழலில், ஆனால் பல்லைக் கடித்திருப்பது தெரிகிறது. அந்த வலது தோள்பட்டைதான் கடைசிக் காலத்தில் அவரைத் தூங்கவிடாமல் வலித்தது என்று அம்மா அந்த இடத்தைத் தொட்டுக் காட்டுவார். படத்தின் பின்னால் ஃபிலிம், ஷட்டர் வேகம், லென்ஸ் துவாரம் என்று உங்கள் பென்சில் எழுத்து: ட்ரை-எக்ஸ், 1/1000, எஃப் 5.6. உங்கள் பென்டாக்ஸ் கே1000 கேமராவின் உச்ச வேகமே நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். இருந்ததை எல்லாம் போட்டு அந்தத் துளிகளைப் பிடித்திருக்கிறீர்கள்.

அப்போது உங்களிடம் இருந்தது அந்த ஒரே கேமரா, ஒரே 50 எம்எம் லென்ஸ். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் ஷிப்ட் முடிந்து வந்து, குளியலறை ஜன்னலில் கறுப்புத் துணியை அடித்து நீங்களே கழுவியதாக அம்மா சொல்வார். இன்றைக்கு உங்களிடம் இருக்கும் லென்ஸ்களில் பாதி அதைவிடத் துல்லியமானவை. ஆனாலும் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் வைக்கிற மாதிரி அதற்குப் பிறகு நீங்கள் எதுவும் எடுக்கவில்லை. இதை எழுத எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை.

காரணம் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. ஒரு கேமராவோடு கை பழக நாளாகும். நிக்கான் லென்ஸை ஒரு பக்கம் திருக வேண்டும், கேனன் லென்ஸை அதற்கு நேர் எதிர்ப்பக்கம். கே1000-இல் வெளிச்சத்தைக் காட்ட முள் ஆடும், நிக்கான் எஃப்எம்2-இல் சிவப்பு விளக்கு எரியும். யாஷிகா மேட்டில் குனிந்து பார்த்தால் எல்லாம் இடவலம் மாறித் தெரியும். மாதத்துக்கு ஒன்றாக மாற்றினால் கண் எதிரில் இருப்பவரைப் பார்க்காது, கேமராவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். அப்புறம், ஒன்றைத் தூக்கினால் மற்றதற்குத் துரோகம் என்கிற ஒரு நினைப்பும் உங்களுக்கு இருக்கிறதோ என்று எனக்குத் தோன்றும்.

ஜான் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1860-களின் தொடக்கத்தில் பத்து மாதம் போல நம் பினாங்கில் தங்கிப் படம் எடுத்தார். வெட் பிளேட் காலம் அது. கண்ணாடித் தகட்டில் ரசாயனத்தைப் பூசி, அது காய்வதற்குள் படமும் எடுத்து, இருட்டில் கழுவியும் முடிக்க வேண்டும். இந்த வெயிலில் அதற்கு எத்தனை நிமிடம் கிடைத்திருக்கும், யோசித்துப் பாருங்கள். உதவிக்கு மெட்ராஸிலிருந்து வந்தவர்கள் இருவருக்கு வேலை கற்றுக் கொடுத்து வைத்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். நம் ஆட்கள் இந்த ஊரில் கை கறுக்க இந்த வேலையைச் செய்து நூற்றறுபது வருடத்துக்கு மேலாகிறது மாமா. உங்கள் குளியலறை இருட்டறையும் அந்த வரிசையில் வருவதுதான் என்று நான் பெருமையாக நினைத்துக்கொள்வேன்.

இப்போதே எடுங்கள் என்று நான் அவசரப்படுத்துவதற்குக் காரணம் இந்த ஊர். 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதும் ஜார்ஜ்டவுனில் எத்தனை குடும்பங்கள் கடைவீடுகளைக் காலி செய்தன என்பதை நேரில் பார்த்தவர் நீங்கள். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தோம். கட்டடங்கள் நின்றன, உள்ளே இருந்தவர்கள் பலர் இல்லை. ஆர்மேனியன் ஸ்ட்ரீட்டில் 2012-இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் ஓவியத்துக்கு முன்னால் வரிசையில் நின்று படம் எடுக்கிறார்கள். எடுக்கட்டும். ஆனால் குயின் ஸ்ட்ரீட்டில் மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் பூத்தொடுக்கும் அந்த அக்காவின் விரல்களை யார் எடுப்பார்கள்? மார்க்கெட் ஸ்ட்ரீட் மளிகைக்கடைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் வெளியூர்க்காரர் கேமராவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நீங்கள் போனால், “வாப்பா, தே குடிக்கிறியா?” என்பார். அந்த முகம் உங்களுக்கு மட்டும்தான் கிடைக்கும்.

கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். ஃபிலிம் விலை ஏறிவிட்டது, முழங்கால் வலி, எல்லோர் கையிலும் போன் இருக்கிறதே என்பீர்கள். ஃபிலிம்தான் வேண்டும் என்றில்லை, டிஜிட்டலில் எடுங்கள். முழங்காலுக்கு நான் கூட வருகிறேன். போனில் எடுப்பவர்கள் எடுக்கட்டும், ஆனால் நண்பகலில் கடைவீட்டு ஐந்தடி நடைபாதையின் இருட்டில் ஒருவர் உட்கார்ந்திருக்க, பின்னால் ரோடு வெள்ளையாக எரியும்போது, எதை விட்டுக்கொடுத்து எதைக் காப்பாற்ற வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். முழு வெயிலில் எஃப் 16, 400 ஃபிலிமுக்கு 1/500. நடைபாதைக்குள் வந்தால் லென்ஸ் துவாரத்தை நாலு ஸ்டாப் திற, முகத்துக்கு எடு, ரோடு வெளுத்தால் வெளுக்கட்டும். பன்னிரண்டு வயதில் எனக்கு நீங்கள் சொல்லிக் கொடுத்தது. இன்றும் மீட்டரைப் பார்க்கும் முன் அதைத்தான் மனதில் கணக்குப் போடுகிறேன்.

முதலில் அத்தையை எடுங்கள். கல்யாண ஆல்பத்துக்குப் பிறகு நீங்கள் எடுத்த அத்தை படம் ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை. காலையில் அடுப்படி ஜன்னல் பக்கம் வெளிச்சம் நன்றாக இருக்கும், அத்தை அங்கேதான் கீரை ஆய்வார்.

அடுத்தது தைப்பூசம். அதற்கு முந்தின நாள் விடியற்காலை பினாங்கு ஸ்ட்ரீட் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும்போது நாம் அங்கே நிற்க வேண்டும். தேங்காய்க் குவியல்கள் உடைகிற நேரத்தில் எல்லோரும் ரதத்தைப் பார்த்து எடுப்பார்கள். நீங்கள் உடைப்பவர்களின் பக்கம் திரும்பி நில்லுங்கள், தாத்தாவை எடுத்த மாதிரி.

எஃப்எம்2-ஐயே எடுத்து வாருங்கள். பேட்டரி தீர்ந்தாலும் அதன் ஷட்டர் ஓடும், 1/4000 வரை போகும். 50 எம்எம் போதும், வேறு லென்ஸ் எதுவும் பையில் வேண்டாம். எச்பி5 ஃபிலிம் ரோல் நான் வாங்கி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். கழுவும் டேங்க் இன்னும் உங்கள் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது என்று அத்தை சொன்னார். அதைத் தேடி எடுத்து வையுங்கள், டெவலப்பர் நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்