‘விடுவிக்கப்பட்டார்கள்’ என்று எழுதிய மருமகளுக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. பேச்சுப்போட்டிக்கு நீ எழுதி அனுப்பிய இரண்டு பக்கத்தையும் நேற்று ராத்திரி மூன்று தடவை படித்தேன். “பிழை மட்டும் பார்த்துக் கொடுக்கா” என்று உன் அப்பா போனில் சொன்னான். பிழை என்று பார்த்தால் இரண்டு இடத்தில் ஒற்று விட்டிருக்கிறாய், அவ்வளவுதான். ஆனால் ஒரு வரிக்கு வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். “1863-ல் ஆபிரகாம் லிங்கனால் அடிமைகள் விடுவிக்கப்பட்டார்கள்.” இந்த ஒரு வரியைத் திருத்த ஒரு கடிதமே வேண்டியிருக்கிறது. இதே வரியை மனப்பாடம் செய்து வளர்ந்த பிள்ளைகள் உன்னைப் போல நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால், எல்லோரும் படிக்கிற மாதிரி பொதுவிலேயே எழுதுகிறேன்.

நான் இருபது வருடமாக இலக்கணம் நடத்துகிறவள். செயப்பாட்டுவினையில் எழுவாயாக நிற்பவர் எதையும் செய்வதில்லை. எல்லாம் அவருக்குச் செய்யப்படுகிறது. நாற்பது லட்சம் பேர் கைகட்டி நின்றார்கள், ஒருவர் கையெழுத்துப் போட்டார், கதவு திறந்தது. உன் வரியைக் கேட்கிறவர்களுக்கு இப்படித்தான் தோன்றும். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், கேள்.

1861 ஏப்ரலில் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் லிங்கன் அமெரிக்க அதிபராகப் பதவியேற்றார். அடிமைமுறை இருக்கிற மாநிலங்களில் அதில் தலையிடும் எண்ணம் தனக்கு இல்லை என்று பதவியேற்பு உரையிலேயே சொன்னார். பிரிந்துபோன தென் மாநிலங்களைத் திரும்பச் சேர்க்க வேண்டும், நாடு உடையக்கூடாது என்பதுதான் அப்போது அவருடைய போர். அடிமைகளை விடுவிக்கும் போர் என்று அரசாங்கம் அதைச் சொல்லவே இல்லை.

அந்த வருடம் மே 23-ஆம் தேதி வர்ஜீனியா மாநில மக்கள் பிரிந்துபோவதற்கு வாக்களித்தார்கள். அன்று இரவு பிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்று மூன்று பேர் ஒரு சின்னப் படகை எடுத்தார்கள். தென்படையின் பீரங்கி மேடைக்கு மண் சுமந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். அவர்களைச் சொத்தாக வைத்திருந்த கர்னல், குடும்பத்தை விட்டு வெகுதூரம் கரோலினாவுக்கு வேலைக்கு அனுப்பப் போகிறார் என்று தெரிந்துவிட்டது. நீரிணையின் எதிர்க்கரையில் மன்ரோ கோட்டை. வர்ஜீனியாவுக்குள்ளேயே வடபடையின், அதாவது லிங்கன் அரசின் படையின், கையில் நின்ற கோட்டை அது. இருட்டில் துடுப்புப் போட்டு அங்கே போய், காவலில் நின்ற சிப்பாய்களிடம் தங்களை ஒப்படைத்தார்கள்.

அந்த ராத்திரியைக் கொஞ்சம் நினைத்துப் பார். அடைக்கலம் கொடுக்கச் சட்டம் கிடையாது. தப்பி ஓடிய அடிமையைப் பிடித்து உரிமையாளரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றுதான் சட்டம் இருந்தது. திருப்பி அனுப்பினால் சவுக்கடியோ விற்பனையோ, எது வேண்டுமானாலும் நடக்கலாம். அது தெரிந்தும் போனார்கள்.

கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர், மாசசூசெட்ஸ்காரர், தொழில் வக்கீல். அடிமைமுறையை எதிர்த்தவர் என்று சொல்ல முடியாது. முந்தின வருடக் கட்சி மாநாட்டில், பின்னாளில் தென் மாநிலங்களின் தலைவரான ஜெபர்சன் டேவிஸை வேட்பாளராக்க 57 முறை வாக்களித்தவர். மறுநாள் கர்னலின் சார்பில் ஒரு அதிகாரி வெள்ளைக்கொடியோடு வந்து, சட்டப்படி மூன்று பேரையும் திருப்பித் தாருங்கள் என்றார். பட்லர் வக்கீலாகவே பதில் சொன்னார். வர்ஜீனியா தன்னை அந்நிய நாடு என்கிறது, அந்நிய நாட்டுக்கு எங்கள் சட்டம் எப்படிப் பொருந்தும்? இவர்களை வைத்து நீங்கள் பீரங்கி மேடை கட்டுகிறீர்கள். எதிரி போருக்குப் பயன்படுத்தும் பொருளைப் பறிமுதல் செய்ய எனக்கு உரிமை உண்டு. இதுதான் அவர் வாதம். ‘கான்ட்ராபண்ட்’, அதாவது போர்ப் பறிமுதல் பொருள் என்ற பெயர் அப்படித்தான் அவர்களுக்கு ஒட்டிக்கொண்டது.

பொருள் என்று சொல்லித்தான் மனிதர்களைக் காப்பாற்ற முடிந்திருக்கிறது. அதைப் படிக்கும்போது எனக்கு இன்றும் மனசு கசக்கிறது. ஆனால் வெளியே இருந்தவர்கள் அந்தச் சொல்லுக்காக நிற்கவில்லை. கோட்டைக்குப் போனால் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்ற செய்தி மட்டும் காட்டுத்தீ மாதிரி பரவியது. இரண்டொரு நாளில் கைக்குழந்தைகளோடு குடும்பம் குடும்பமாக வந்தார்கள். சில வாரத்துக்குள் நூற்றுக்கணக்கானோர். வயதானவர்களையும் குழந்தைகளையும் எந்தப் போர்ப் பொருளில் சேர்ப்பது என்று பட்லர் மேலிடத்துக்கு எழுதிக் கேட்க வேண்டியதாயிற்று. வாஷிங்டனுக்கு அந்தக் கேள்வியை அனுப்பி வைத்தவர்கள், படகிலும் கால்நடையாகவும் வந்த அந்தச் சனங்கள்தான். ஆகஸ்டில் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், முதல் பறிமுதல் சட்டத்தைப் போட்டது. 1862 ஜூலையில் இரண்டாவது சட்டம் வந்தது. கிளர்ச்சி செய்யும் உரிமையாளரிடமிருந்து தப்பி வந்தவர்கள் இனி எப்போதும் சுதந்திரமானவர்கள் என்றது அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மன்ரோ கோட்டை இருக்கும் முனைக்குப் பாயிண்ட் கம்ஃபர்ட் என்று பெயர். 1619-ல் இருபது சொச்சம் ஆப்பிரிக்கர்களைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்களே, ஆங்கிலேயர் குடியேற்றமான வர்ஜீனியாவுக்கு முதன்முதலாக, அது அதே முனையில்தான்.

சரி, லிங்கனுக்கு வருகிறேன். அவரைச் சிறுமைப்படுத்துவதாக நினைத்துவிடாதே. எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு, ஏனென்றால் அவர் மாறினார். 1861-லும் 62-லும் இரண்டு தளபதிகள் தங்கள் பகுதி அடிமைகளுக்கு விடுதலை என்று தாங்களாகவே அறிவித்தபோது இரண்டையும் ரத்து செய்தவர் அவர்தான். வடக்கோடே நின்ற, ஆனால் அடிமைமுறையை விடாத எல்லை மாநிலங்கள் கைவிட்டுப் போய்விடும் என்ற பயம். அதே லிங்கன்தான் 1863 ஜனவரி 1 அன்று விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். அன்று காலையெல்லாம் புத்தாண்டு வரவேற்பில் கைகுலுக்கிக் குலுக்கிக் கை மரத்துப் போயிருந்தது. கையெழுத்து நடுங்கினால் தயங்கினார் என்று பிற்காலத்தில் சொல்வார்களே என்று நிறுத்தி, நிதானமாக எழுதினார். நிகழ்ச்சிகளை நான் நடத்தவில்லை, அவைதான் என்னை நடத்தின என்று 1864 ஏப்ரலில் ஒரு கெண்டக்கி பத்திரிகை ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தில் அவரே ஒப்புக்கொள்கிறார். அந்த நிகழ்ச்சிகளை நடத்தியவர்கள் உன் பேச்சில் வரவில்லை என்பதுதான் என் குறை.

அப்புறம், அந்தப் பிரகடனத்தால் எல்லோரும் விடுதலையாகிவிடவில்லை. கிளர்ச்சியில் இருந்த பகுதிகளுக்குத்தான் அது செல்லும். கெண்டக்கி, மேரிலாந்து, மிசௌரி, டெலவேர் ஆகிய நான்கு எல்லை மாநிலங்களிலும் அடிமைமுறை சட்டப்படியே தொடர்ந்தது. அதே பிரகடனம்தான் கறுப்பின ஆண்களைப் படையில் சேர்க்க வழிவிட்டது. சுமார் 1,80,000 பேர் தரைப்படையில் சேர்ந்தார்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். இவர்களுக்கு 10 டாலர், அதிலும் உடுப்புக்கென்று 3 டாலர் பிடித்தம். கறுப்பினச் சிப்பாய்களின் மாசசூசெட்ஸ் 54-ஆம் படைப்பிரிவு அந்தச் சம்பளத்தைக் கையாலேயே தொடவில்லை. மாநில அரசு மீதியைப் போட்டுத் தருகிறோம் என்றதற்கும் வேண்டாம் என்றுவிட்டார்கள், ஊரில் குடும்பம் பட்டினி கிடக்கும்போதே. வடபடையின் தெற்குக் கரோலினா படைப்பிரிவு ஒன்றில் வில்லியம் வாக்கர் என்ற சார்ஜென்ட் தன் குழுவினரோடு துப்பாக்கிகளைக் கீழே வைத்தார், சமச் சம்பளம் தராதவரை வேலை செய்ய மாட்டோம் என்று. படைக் கலகம் என்று குற்றம்சாட்டி 1864 பிப்ரவரி 29 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள், அவர் சேவை செய்த அதே படையே. நாலு மாதம் கழித்து, ஜூனில், சமச் சம்பளச் சட்டம் வந்தது.

இனி நான் சொல்லப்போவது, எனக்கு நேற்று ராத்திரி தூக்கம் வராமல் செய்தது.

கெண்டக்கியில் நெல்சன் முகாம் என்று ஒரு வடபடை முகாம். கெண்டக்கிக்குப் பிரகடனம் செல்லாது அல்லவா? படையில் சேர்கிற ஆண் சுதந்திரமானவன். அவன் மனைவியும் பிள்ளைகளும் அப்போதும் அடிமைகள். ஜோசப் மில்லர் என்பவர் 1864 அக்டோபரில் அங்கே சேர்ந்தார். நீ படைக்குப் போனால் உன் குடும்பத்துக்குச் சோறு போட மாட்டேன் என்று உரிமையாளன் சொல்லிவிட்டதால், மனைவி மக்களையும் கூடவே அழைத்து வந்து கூடாரத்தில் வைத்திருந்தார். நவம்பர் 23 காலை, உறைகிற குளிர். சிப்பாய்களின் குடும்பங்களை முகாமிலிருந்து வெளியேற்ற உத்தரவு. மில்லரின் ஏழு வயது மகன் கடுமையான காய்ச்சலிலிருந்து அப்போதுதான் தேறி வந்துகொண்டிருந்தான். இந்தக் குளிரில் வெளியே கொண்டுபோனால் பிள்ளை செத்துப்போவான் என்று மில்லர் சொல்லிப் பார்த்தார். வண்டியில் ஏறாவிட்டால் எல்லோரையும் சுடுவேன் என்றான் காவலன். நோயாளிப் பிள்ளையைத் தாய் கையில் தூக்கிக்கொண்டு ஏறினாள்.

அன்று இரவு மில்லர் ஆறு மைல் நடந்து நிக்கலஸ்வில் ஊருக்குப் போய்த் தேடினார். கறுப்பின மக்களின் பழைய கூட்டக் கட்டடம் ஒன்றில் எல்லோரும் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரே ஒரு கணப்பு. கூட்டத்தில் அவர் குடும்பத்தால் அதன் பக்கத்தில்கூடப் போக முடியவில்லை. மகன் இறந்திருந்தான். இரவே முகாமுக்குத் திரும்பியாக வேண்டும் என்பது படை விதி. சடலத்தை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார். மறுநாள் காலை மறுபடி நடந்து வந்து, தன் கையாலேயே குழி தோண்டி மகனைப் புதைத்தார். மூன்று நாள் கழித்து ஒரு அதிகாரி முன்னால் இதையெல்லாம் வாக்குமூலமாகச் சொன்னார். எழுதத் தெரியாது, கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி.

வெளியேற்றப்பட்டவர்கள் சுமார் 400 பேர் என்கிறார்கள். குளிரிலும் நோயிலும் நூறு பேர் அளவுக்கு இறந்தார்கள். செய்தி நியூயார்க் பத்திரிகையில் வந்து பெரிய கொந்தளிப்பாகியது. 1865 மார்ச் 3 அன்று காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. படையில் சேர்ந்தவரின் மனைவியும் பிள்ளைகளும் அந்த நிமிடமே சுதந்திரமானவர்கள் என்று. ஜோசப் மில்லர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. ஜனவரித் தொடக்கத்துக்குள் மனைவி, மீதிப் பிள்ளைகள், அவர் என்று அந்தக் குடும்பமே போய்விட்டது.

அடிமைமுறையை நாடு முழுக்க ஒழித்த அரசியல் சட்டத்தின் 13-ஆம் திருத்தம் பற்றி நீ எழுதியது சரிதான். 1865 ஜனவரி 31 அன்று கீழவையில் 119-க்கு 56. டிசம்பரில் அமலானது. அதற்கு முன்னால் ஒரு வரி சேர்த்துக்கொள். எலிசபெத் கேடி ஸ்டாண்டனும் சூசன் பி. ஆண்டனியும் ஊர் ஊராகப் பெண்களைத் திரட்டி, அடிமைமுறையை ஒழிக்கக் கேட்டு ஏறக்குறைய நான்கு லட்சம் கையெழுத்து வாங்கினார்கள். முதல் ஒரு லட்சம் கையெழுத்துக்கான காகிதச் சுருள்களை 1864 பிப்ரவரியில் இரண்டு கறுப்பின ஆண்கள் செனட் சபைக்குள் சுமந்துவந்து மேசைமேல் வைத்தார்கள். அந்தப் பெண்களுக்கே அன்று வாக்குரிமை கிடையாது.

உனக்கு ஐந்து நிமிடம்தான் கொடுப்பார்கள் என்று தெரியும். இத்தனையும் சொல்ல முடியாது. லிங்கன் பிறந்த மரவீடு, ரயில் பயணக் கதை இரண்டையும் எடுத்துவிடு, ஒன்றரை நிமிடம் கிடைக்கும். அந்த வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்: “அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள் இரவில் படகேறி வந்தார்கள். அவர்கள் வந்த பிறகு சட்டம் வந்தது. 1863-ல் லிங்கன் கையெழுத்திட்டார்.” வாயில் நிற்கவில்லை என்றால் உனக்கு வருகிற மாதிரி மாற்றிக்கொள், வினை மட்டும் செய்வினையாக இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, ஒருதரம் பேசிப் பார்க்கலாம். மூன்று பேர் பெயரையும் அவசரப்படாமல், ஒவ்வொன்றாக நிறுத்திச் சொல்லிப் பழகிக்கொண்டு வா. பிராங்க் பேக்கர். ஷெப்பர்ட் மல்லோரி. ஜேம்ஸ் டவுன்சென்ட்.

அன்புடன்,
அத்தை