கோரிக்கைப் பட்டியலில் தோரியத்துக்கும் ஒரு வரி

டெல்டா மாவட்ட விவசாய சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஒரத்தநாடு பக்கம் மூன்று ஏக்கர் வைத்திருக்கிறேன். முப்பது வருடம் அரசுப் பள்ளிகளில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். மீத்தேன் எதிர்ப்புக் கூட்டங்களிலும், 2017-ல் நெடுவாசல் பந்தலிலும் உங்களோடு உட்கார்ந்திருந்தேன். 2023 ஏப்ரலில் நிலக்கரி ஏல அறிவிப்பில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு என்று நம் ஊர்ப் பெயர்களைப் படித்தபோது அன்று இரவு தூக்கம் வரவில்லை. சில நாட்களிலேயே மூன்றையும் பட்டியலிலிருந்து எடுக்க வைத்தோம். அந்தப் பெருமை எனக்கும் உண்டு.

அதே உரிமையில் ஒன்று கேட்கிறேன்: நம் கோரிக்கைப் பட்டியலில் தோரியம் என்ற அணு எரிபொருளுக்கும் ஒரு வரி சேர்க்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன். நிலக்கரி வேண்டாம், மீத்தேன் வேண்டாம் என்றோம். சரி, நம் மோட்டார் எதில் ஓடுகிறது?

போன கோடையில் எங்கள் லைனுக்கு மும்முனை மின்சாரம் ராத்திரி முறை. ஒன்றரை மணிக்கு எழுந்து, டார்ச் அடித்துக்கொண்டு வரப்பில் நடந்து, கொட்டகைக்குள் பாம்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட்டரின் பச்சைப் பட்டனை அமுக்குவேன். மோட்டார் ஒரு உறுமு உறுமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டும். அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒடிசாவில் வெட்டிய நிலக்கரி கப்பலேறி வந்து எரிந்துகொண்டிருக்கிறது. ஜூன் 12-ல் நாம் பூத்தூவி வரவேற்கும் தண்ணீர் புறப்படுகிற மேட்டூரிலேயே அணைக்குப் பக்கத்தில் அனல்மின் நிலையம் நிற்கிறது. கோவில்களப்பாலிலும் குத்தாலத்திலும் எரிவாயுவை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். இலவச மின்சாரத்தில் ஓடும் விவசாய இணைப்புகள் மாநிலத்தில் இருபது லட்சத்துக்கு மேல். நம் நிலத்தைத் தோண்டாதே என்று சொன்ன நாம், வேறு யாரோ ஒருவர் நிலத்தைத் தோண்டி எடுத்ததில்தான் நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறோம். இது என்னை ரொம்ப நாளாக உறுத்துகிறது.

சூரிய ஒளி இருக்கிறது, காற்றாலை இருக்கிறது. இரண்டும் இன்னும் நிறைய வரவேண்டும். ஆனால் ராத்திரி ஒன்றரை மணிக்கும், ஐப்பசி அடைமழையிலும் ஓட ஒன்று வேண்டும். அதற்கு நான் முன்வைப்பது தோரியம், அதிலும் உருகிய உப்பில் ஓடும் அணு உலை.

வேதாரண்யத்தில் எட்டு வருடம் வேலை பார்த்தேன். அகஸ்தியம்பள்ளி உப்பளத்துப் பிள்ளைகள்தான் வகுப்பில் பாதிப் பேர். ஒரு பையன், "சார், உப்பு உருகுமா?" என்று கேட்டான். சோதனைக் குழாயில் உப்பைப் போட்டு அடுப்பில் காட்டினேன். படபடவென்று வெடித்ததே தவிர உருகவில்லை. நம் உப்பு உருக 800 டிகிரி வேண்டும். உலையில் ஊற்றுவது வேறு உப்பு: லித்தியம் ஃபுளோரைடும் பெரிலியம் ஃபுளோரைடும் கலந்தது. சுமார் 460 டிகிரியில் உருகி, 1,400 டிகிரி வரை கொதிக்காமல் தண்ணீர்போல ஓடும். எரிபொருளையும் அதிலேயே கரைத்துவிடுவார்கள். இப்போதுள்ள உலைகளில் எரிபொருள் திடக்குச்சியாக இருக்கும், அதைச் சுற்றித் தண்ணீர் ஓடும். உப்பு உலையில் எரிபொருளும் அதன் சூட்டைச் சுமந்து போகும் திரவமும் ஒன்றே.

பணக் கணக்கு இங்கேதான் மாறுகிறது. கூடங்குளம் மாதிரி உலையில் 300 டிகிரிக்கு மேலும் தண்ணீர் கொதிக்காமல் இருக்க, சுமார் 150 மடங்கு காற்றழுத்தத்தில் அதை அடைத்து வைக்கிறார்கள். அதற்குத் தடித்த எஃகுக் கலம், வெடித்தால் தாங்க மாபெரும் கான்கிரீட் கூடு. செலவில் பெரும்பங்கு இப்படிப்பட்ட கட்டுமானத்துக்கும் அதற்கு வாங்கிய கடனின் வட்டிக்கும்தான் போகிறது. உப்போ நாம் மூச்சு விடுகிற அழுத்தத்திலேயே ஓடும். கலம் மெல்லியதாக இருக்கலாம், உலை சிறியதாக இருக்கலாம், ஆலையில் செய்து கொண்டுவந்து பொருத்தலாம். 650, 700 டிகிரிச் சூடு கிடைப்பதால், இன்றைய அணுமின் நிலையங்கள் சூட்டில் மூன்றில் ஒரு பங்கை மின்சாரமாக்குகிற இடத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல் எடுக்கலாம். அடியில் குளிரூட்டி உறைய வைத்த ஒரு உப்பு அடைப்பு இருக்கும். மின்சாரம் நின்றால் அது உருகி, எரிபொருள் முழுவதும் கீழே உள்ள தொட்டிக்குத் தானாக வடிந்து அடங்கிவிடும். 2011-ல் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் பம்ப் நின்றதால் உலைகள் சூடேறி உருகியதை நினைத்துப் பாருங்கள்.

எரிபொருள் கணக்கு இன்னும் சுவாரசியமானது. 1,000 மெகாவாட் அனல்மின் நிலையத்துக்கு வருடம் சுமார் 40, 50 லட்சம் டன் நிலக்கரி வேண்டும். சரக்கு ரயிலில் ஆயிரம் நடைக்கு மேல். தோரியத்தை முழுக்கப் பயன்படுத்த முடிந்தால் அதே மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு டன் போதும், ஒரே லாரி. நம் நாட்டு மோனசைட் மணலில் பத்து லட்சம் டன்னுக்கு மேல் தோரியம் இருக்கிறது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் அந்த மணல் உண்டு. அதற்காகக் கிள்ளியூர் மீனவர்களின் கரையைத் தோண்டு என்று நான் சொல்லவே மாட்டேன். அரிய மண் தனிமங்களைப் பிரித்தபின் மிஞ்சிய தோரியம் ஏற்கெனவே சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு சோதனை உலைக்கு அது தாராளம்.

இனி இதன் சிரமங்கள். தோரியம் தானாக எரியாது. ஒரு நியூட்ரானை விழுங்கி, மாதக்கணக்கில் மெல்ல மெல்ல யுரேனியம்-233 ஆக மாறிய பிறகே எரியும். முதலில் அந்த நியூட்ரானைக் கொடுக்க வேறு எரிபொருள் வேண்டும். நமக்குத் தெரிந்த கணக்குதான்: நிலம் எத்தனை வேலி இருந்தாலும் விதைநெல் இல்லாமல் என்ன செய்வது? நம் அணுசக்தித் திட்டத்தைத் தொடங்கிய ஹோமி பாபா 1950-களில் மூன்று கட்டத் திட்டம் போட்டது இந்த விதைநெல்லைச் சேர்க்கத்தான். இரண்டாம் கட்டத்துக்கான கல்பாக்கம் ஈனுலையை, அதாவது எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் உலையை, 2004-ல் கட்டத் தொடங்கினார்கள், உலையின் மையப் பகுதியை நிரப்பும் வேலை 2024 மார்ச்சில்தான் தொடங்கியது. இருபது வருடம்! மின்சாரம் ஒரு யூனிட் தராமலே அத்தனை வருடமும் போட்ட பணம் முடங்கிக் கிடந்தது. அணு மின்சாரத்தின் விலையை ஏற்றுவது எரிபொருளைவிட இந்தத் தாமதம்தான் என்பது என் கருத்து.

சூடான ஃபுளோரைடு உப்பு குழாயை அரிக்கும். அதற்கு நிக்கல் கலந்த தனி உலோகம் வேண்டும். லித்தியத்தில் ஒரு வகையை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும், அது விலை கூடிய வேலை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் 1965 முதல் 1969 வரை ஒரு சிறிய உப்பு உலையை நன்றாகவே ஓட்டினார்கள், 1968-ல் யுரேனியம்-233 போட்டும் ஓட்டிக் காட்டினார்கள். ஆனால் நிறுத்தியபின் உப்பைச் சரியாக அப்புறப்படுத்தாமல் விட்டதால், 1990-களில் யுரேனியம் வாயுவாகிக் குழாய்களுக்குள் நகர்ந்திருந்ததைக் கண்டுபிடித்து, பெரும் செலவில் சுத்தம் செய்ய வேண்டிவந்தது. அந்தப் பில்லையும் கணக்கில் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

வணிக ரீதியில் இப்படி ஒரு தோரியம் உலை உலகில் எங்கும் ஓடவில்லை. யூனிட் விலை இவ்வளவுதான் என்று இன்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். ஓட்டிப் பார்த்தால்தான் விலை தெரியும். சீனா கோபி பாலைவனத்தையொட்டி வூவெய் என்ற இடத்தில் 2 மெகாவாட் வெப்பம் தரும் சோதனை உலையைக் கட்டி 2023-ல் இயக்கிவிட்டது. நம் பாபா அணு ஆராய்ச்சி மையமும் உப்பு உலைக்கான வடிவமைப்பில் வேலை செய்திருக்கிறது. யுரேனியம்-233-ல் ஓடும் காமினி என்ற சின்னஞ்சிறு உலை 1996 முதல் கல்பாக்கத்தில் இருக்கிறது. மண்ணும் ஆளும் அறிவும் இங்கே இருக்க, வடிவமைப்பு காகிதத்திலேயே கிடக்கிறது என்பதுதான் என் ஆதங்கம்.

டெல்டாவுக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். மின்சாரம் மட்டும் இல்லை, அந்தச் சூடும் சரக்குதான். யூரியா தயாரிக்க இன்று இயற்கை எரிவாயு வேண்டும். அதற்கான ஹைட்ரஜனை 700 டிகிரிச் சூட்டின் துணையோடு தண்ணீரிலிருந்து பிரிக்க முடிந்தால், நம் வயலுக்கடியில் எரிவாயு தேட ஒரு காரணம் குறையும். கடல்நீரைக் குடிநீராக்கலாம், கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்தோடு இணைத்து நாளுக்கு 63 லட்சம் லிட்டர் எடுக்கும் ஆலையே இருக்கிறது. கடைமடையில் குடத்தோடு டேங்கர் லாரிக்குக் காத்து நிற்கும் பெண்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

டெல்டாவில் உலை வை என்று நான் கேட்கவில்லை. 2020-ல் வாங்கிய வேளாண் மண்டலச் சட்டத்தில் ஒரு ஓட்டைகூட விழக் கூடாது. நான் கேட்பது கல்பாக்கம் வளாகத்துக்குள் ஒரு சிறிய உருகிய உப்புச் சோதனை உலை. 2025 பட்ஜெட்டில் சிறிய அணு உலைகளுக்கென்று 20,000 கோடி ரூபாய் அறிவித்தார்கள். அதில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கச் சொல்வோம். செலவு, தாமதம், கசிவு, கழிவு எதுவானாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தமிழில் வெளியிட வேண்டும், கல்பாக்கத்து மீனவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டும் என்பதையும் கோரிக்கையிலேயே எழுதிவிடுவோம். எதையும் மறைத்தார்கள் என்று தெரிந்தால் எதிர்த்து உட்காரவும் நான் முதல் ஆளாக வருவேன்.

மனுவின் நகலை நாலு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் தஞ்சாவூர் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு எடுத்து வருகிறேன். கூட்டம் தொடங்கும் முன் அரை மணி நேரம் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து படித்துப் பார்ப்போம். தப்பு இருந்தால் அங்கேயே திருத்துங்கள். ஒப்புக்கொண்டால் கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரத்தநாடு வட்டத்து விவசாயி ஒருவன்