தமிழ்ப் பெயர்களைக் கோப்பில் எழுதும்போது

ஆசிரியர் அவர்கட்கு,

க.பொ.த. உயர்தரத்தில் பைதன் என்னும் நிரலாக்க மொழியைக் கற்கும் மாணவர்கள், நிரல் எழுதிய தரவு அக்கணமே வட்டில் பதிந்துவிடுவதாக நம்புகிறார்கள். உண்மையில் அது முதலில் நினைவகத்தில் இடையகம் எனப்படும் தற்காலிகச் சேமிப்பிடத்தில் தங்கி, பொதுவாக இடையகம் நிரம்பும்போதோ கோப்பு மூடப்படும்போதோதான் இயங்குதளத்திடம் கையளிக்கப்படுகிறது. இயங்குதளமும் தனக்கு வசதியான வேளையிலேயே வட்டில் எழுதும் என்பதால், இடையே மின்சாரம் நின்றால் அப்பதிவை மறந்துவிட வேண்டியதுதான்.

இதனினும் என்னை உறுத்துவது வேறொன்று. பதிவின் ஒவ்வொரு புலத்துக்கும், அதாவது பெயர் போன்ற ஒவ்வொரு விவரத்துக்கும், நிலையான நீளம் ஒதுக்கும் முறையில் 20 பைட்டு (பைட்டு என்பது சேமிப்பின் சிறு அலகு) ஆங்கிலப் பெயருக்குத் தாராளம். ஆனால் 'கொழும்பு' என்னும் சொல், நம் கண்ணுக்கு நான்கே எழுத்தாயினும், எல்லா மொழி எழுத்துகளுக்கும் குறியெண் தரும் யூனிகோடில் எட்டுக் குறிகளாகி, அக்குறிகளைப் பைட்டுகளாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட்டாக, மொத்தம் 24 பைட்டை எடுத்துக்கொள்கிறது. இருபதில் வெட்டினால் 'கொழும்' என்பதும் அரைகுறையான ஒரு பகரமும் மிஞ்சும். கோப்பை மீண்டும் வாசிக்கும் நிரல் அவ்விடத்தில் பிழை காட்டி நின்றுவிடவும் கூடும். என் மாணவி ஒருத்தி தன் பெயரையே இவ்வாறு இழந்து, விசைப்பலகையைக் குறைகூறிக்கொண்டிருந்தாள்.

தமிழ்மொழிமூல வகுப்புகளிலும் பயிற்சிக்கு ஆங்கில எழுத்துப் பெயர்களையே கொடுப்பதால் இச்சிக்கல் பரீட்சை முடியும்வரை வெளிப்படுவதில்லை. பாடநூலைத் தயாரிப்போர் இரண்டு பயிற்சிகளையேனும் தமிழ்ப் பெயர்களில் அமைத்து, கோப்பைத் திறக்கும்போதே யூடிஎஃப்-8 போன்ற குறியேற்ற முறையைக் குறிப்பிடுமாறு அறிவுறுத்த வேண்டும்.

கணினி ஆசிரியர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06