சீட்டுக் கட்டிய கடிகாரங்கள்

கும்பகோணம்

அன்புள்ள மகனுக்கு,

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து நீ சிங்கப்பூருக்குப் புறப்படும்போது, அவருடைய கடிகாரம் பழுதுபார்க்கும் கடையில் இருப்பதை மொத்தமாகப் பழைய சாமான் வாங்குகிறவரிடம் கொடுத்துவிடச் சொன்னாய். வீட்டில் இருந்த அப்பாவின் வேட்டி சட்டைகளைப் பிரித்துக் கொடுக்க எனக்கு ஒரு பகல் போதுமானதாக இருந்தது. கடையின் நான்கடி மேசையை ஒழிக்க மூன்று வாரமாகியும் முடியவில்லை, ஏனெனில் அங்கே இருப்பதில் பெரும்பகுதி அப்பாவுடையது அல்ல.

இழுப்பறைகளில், நூலில் சீட்டுக் கட்டிய 43 கைக்கடிகாரங்கள் இருந்தன. பாதிக்கு மேல் எச்.எம்.டி. நிறுவனத்தின் கடிகாரங்கள். பெங்களூரில் 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத் துணையோடு உருவான தொழிற்சாலையின் 'ஜனதா'வை, மாமனார் வீட்டில் போட்டது என்று பெருமையாகச் சொல்லி, நாள் தவறாமல் சாவி கொடுத்துக் கட்டிவந்தவர்கள்தாம் அப்பாவை நம்பி வந்தவர்கள். 2016இல் அந்தக் கடிகார நிறுவனத்தை மூட முடிவானபின், உதிரி பாகத்துக்காக ஓடாத ஒன்றைக் கழற்றி இன்னொன்றை அவர் ஓடவைத்ததை நீயும் பார்த்திருக்கிறாய். செல் போட்டவற்றில் பழைய செல் கசிந்து உள்ளே அரித்துவிடும் என்று அவர் சொல்லக் கேட்டிருந்ததால், முதல் வேலையாகப் பக்கத்துக் கடையில் செல்போன் பழுதுபார்க்கும் பையனைக் கொண்டு அவற்றைக் கழற்றவைத்தேன். அப்பாவின் திருப்புளிகளையும் இடுக்கிகளையும் அவனுக்கே கொடுத்துவிட்டேன்.

நோட்டில் எண் இருந்தவர்களை அழைத்ததில் 29 பேர் வந்து பெற்றுக்கொண்டார்கள். ஒரு பெரியவர் கடிகாரத்தைக் காதருகே வைத்து வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். வேலை முடிந்திருந்தவற்றுக்கு அப்பா குறித்திருந்த கூலியை வாங்கினேன். அவர் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு உழைத்த உழைப்புக்கு விலை வேண்டாமென்று சொல்லும் உரிமை எனக்கில்லை என்று நினைத்தேன். முடியாதவற்றுக்கு ஒரு ரூபாயும் வாங்கவில்லை.

மீதி 14இன் சீட்டுகளில் எண்ணும் இல்லை, பெயரும் இல்லை. அப்பாவுக்குப் புரிந்த அடையாளம் மட்டுமே இருக்கிறது. பள்ளி விட்டதும் அந்த மேசையடியில் உட்கார்ந்து பாடம் எழுதியவன் நீ, வந்துபோனவர்களை என்னைவிட உனக்குத்தான் தெரியும். இந்த மாதக் கடை வாடகையைக் கட்டிவிட்டேன், ஆகையால் அவசரமில்லை. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது இவர்களெல்லாம் யாரென்று நினைவுபடுத்திச் சொல்: பாணாதுறை வாத்தியார், தாராசுரம் தறிக்காரர், நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறை, மழையில் வந்த அம்மா.

இப்படிக்கு,
அம்மா