கடல் மீனா, வளர்ப்பு மீனா? பலகையில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் மாமனாருக்கு 82 வயது. பல் போனபிறகு ஆட்டுக்கறி, கோழி எல்லாம் நின்றுவிட்டது. ஆசையாகக் கேட்பது கொடுவா மீன் குழம்பு ஒன்றுதான். முள் பெரிது, எடுத்துவிடலாம். சதை வெள்ளைவெளேரென்று இதழ் இதழாகப் பிரியும், மெல்லவே வேண்டாம்.

போன மாதம், மீன்பிடித் தடைக்காலத்தில், தேவகோட்டையில் ஒரு கடையில் ஒன்றரைக் கிலோ கொடுவா வாங்கினேன். "கடல் மீன்தானே?" என்று இரண்டு தடவை கேட்டேன். "தொண்டி மீன் ஆச்சி, நாட்டுப் படகுல காலையில வந்தது" என்றார்கள். நம்பும்படிதான் இருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளும் விசைப்படகுக்குத்தான் தடை. நாட்டுப் படகு போய் வரும். செவுள் சிவப்பு, கண் தெளிவு, விரலால் அழுத்தினால் சதை எழும்பியது. அதெல்லாம் மீன் புதிது என்றுதான் சொல்லும், எங்கே வளர்ந்தது என்று சொல்லாது. இது எனக்கு வீட்டுக்கு வந்துதான் உறைத்தது.

வயிற்றுத் துண்டில் விரல் கனத்துக்குக் கொழுப்பு. கடலில் ஓடித் திரிகிற கொடுவாவில் இவ்வளவு கட்டி நான் பார்த்ததில்லை. கல்லுப்பும் மஞ்சளும் போட்டு மூன்று தண்ணீர் அலசினேன். நல்லெண்ணெயில் சோம்பு, வெந்தயம் தாளித்து, சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கி, புளி கரைத்து ஊற்றி, எண்ணெய் பிரிந்து மேலே வந்தபிறகுதான் துண்டுகளைப் போட்டேன். கரண்டியே போடவில்லை, சட்டியைப் பிடித்துச் சுற்றிவிட்டதோடு சரி. மாமனார் ஒரு வாய் வைத்தார். "சேத்து வாடை அடிக்குதேம்மா" என்று மீனைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, ரசம் ஊற்றச் சொன்னார்.

வளர்ப்பு மீனைக் குறைசொல்ல வரவில்லை. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-லேயே கொடுவாவைப் பொரிப்பகத்தில் குஞ்சு பொரிக்க வைத்தது. அதை வளர்த்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல தண்ணீரில் வளர்ந்ததை நானே வாங்கி வறுத்திருக்கிறேன், ருசியாகவே இருந்தது. பாசி மண்டிய குளத்து மீனுக்குத்தான் அந்த வாடை ஏறும். வளர்ப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மிளகாய்த்தூள் தடவி வறுவலுக்கு வைத்துக்கொண்டு, குழம்புக்குக் கிழங்கான் மீன் வாங்கியிருப்பேன். கடல் மீன் விலையும் கொடுத்திருக்க மாட்டேன்.

கடைப் பலகையில் சாக்பீஸால் மீன் பேரும் விலையும் எழுதத்தான் செய்கிறார்கள். பக்கத்திலேயே "கடல்" அல்லது "வளர்ப்பு" என்றும், கடல் என்றால் எந்தக் கரை, தொண்டியா, ஜெகதாப்பட்டினமா, பாம்பனா என்றும், என்றைக்குக் கரைக்கு வந்தது என்றும் எழுதட்டும். மீன்வளத் துறையும் உள்ளாட்சி நிர்வாகங்களும் தேவகோட்டை, காரைக்குடிச் சந்தைகளில் இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

விசைப்படகுகள் கடலுக்குப் போய்விட்டன. "கொடுவா வந்திருச்சா?" என்று மாமனார் மறுபடி கேட்க ஆரம்பித்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தேவகோட்டை